பொய்ப்புல்லும் மெய்ப்பொறுப்பும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவருக்கு அதன்மீது உரிமை உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. அப்பொருள் தேய்ந்து நைந்தபின் அதன்பால் அவருக்குக் கடமையும் உண்டா? இதுவே நாம் இங்கு எண்ணிப்பார்க்க விழையும் வினா. தஞ்சைப் பகுதியில் புதிதாய் எழும் சில வீடுகளின் முற்றங்களில் விரிக்கப்படும் செயற்கைப் புல்தரை, இவ்வினாவை நம் வாசற்படிக்கே கொண்டுவந்துள்ளது.

காவிரிப் படுகை புல்லால் வாழும் நாடு. நெல்லும் கரும்பும் மூங்கிலும் புல்லினமே; வரப்பு மண்ணை இறுகப் பிடித்திருப்பது அறுகம்புல். இத்தகைய மண்ணில் நெகிழிப் புல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆயினும் விரித்தவரைச் சோம்பேறி என்று தீர்ப்பிடுவது அறமாகாது. பிள்ளைகள் தொலைவிடங்களில் இருக்க, குனிந்து களை பறிக்க இயலாத முதியோர் உண்டு. கோடையில் புல்லுக்கு நீர் ஊற்ற மனம் ஒப்பாதோரும் உண்டு. செயற்கைப் புல் புகழ்பெற்றதும் ஒரு தேவையின் பொருட்டே. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கூரையிட்ட விளையாட்டரங்கில் போதிய ஒளியின்றி இயற்கைப் புல் மடிந்தது; அதன்பின் 1966-இல் அங்கே செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் முற்றத்தில் அதே தேவை உண்டா என்பதை அவரவர் மனச்சான்றே சொல்லவேண்டும்.

பராமரிப்பு வேண்டாத புல் என்று நம்பியே பலரும் இதனை வாங்குகின்றனர். அந்நம்பிக்கை சில ஆண்டுகளில் பொய்த்துவிடுகிறது. வெயிலில் இழைகள் வெளிறி நொறுங்குகின்றன. நடமாட்டம் மிகுந்த இடத்தில் படிந்துவிடுகின்றன. இரு விரிப்புகள் சேரும் ஓரத்தில் பசை விட்டுப்போகிறது. மிதிபட்ட அறுகு ஒரு மழைக்குப்பின் தானே தழைக்கும். உயிருள்ளது தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் வரம் பெற்றது. நாம் செய்த பொருளுக்கோ அவ்வரம் இல்லை. அது நம் கையையே எதிர்பார்த்துக் கிடக்கிறது.

அதனைச் செப்பனிடுவது அரிய வேலையன்று. படிந்த இழைகளை எதிர்த்திசையில் துடைப்பத்தால் நிமிர்த்தி, குறைந்த மணலை மீண்டும் தூவலாம். ஓரம் பிரிந்திருந்தால் அடியில் பட்டை வைத்து ஒட்டலாம். நைந்துபோன பகுதியை அடித்துணியோடு சதுரமாய் வெட்டியெடுத்து, இழை சாயும் திசை மாறாமல் வேறு துண்டைப் பொருத்தலாம். ஆனால் புதுத்துண்டு பச்சையாய்த் துருத்தி நிற்கும். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவதன் பொருத்தமின்மையை நம் ஆண்டவர் சுட்டிக்காட்டியதை இங்கு நினைவுகூரலாம். கைதேர்ந்தவர் கண்பார்வை படாத மூலையிலிருந்து வெளிறிய துண்டை எடுத்து நடுவில் இட்டு, புதியதை மூலைக்கு அனுப்புவர்.

“இத்தனை பாடு எதற்கு? சுருட்டி எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாமே” என்பர் சிலர். எறிவது என்றால் எங்கே எறிவது? இழை ஒருவகை நெகிழி, அடித்துணி வேறுவகை, பூசிய பசை பிறிதொன்று; பிரித்து மறுசுழற்சி செய்வது எளிதன்று. எரித்தாலோ நச்சுப்புகை. இன்றிருந்து நாளை அடுப்பில் எறியப்படும் காட்டுப் புல்லைப்பற்றி இயேசு பேசினார். அந்தப் புல் சாம்பலாகி மண்ணுக்கு உரமாகும். இந்தப் புல்லின் பொடியோ மழைநீரோடு வாய்க்காலில் இறங்கி வயலைச் சேரும். விளையாட்டுத் திடல்களில் தூவும் நெகிழித் துகள்களின் விற்பனையை 2031 முதல் தடுக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றியதும் இத்தகைய அச்சத்தினாலேயே. மேலும், நாம் எறிவதைக் கையால் அள்ளுபவர் தூய்மைப் பணியாளர். நம் வசதியின் சுமை எளியவரின் தோளில் ஏறுவது நீதியாகுமா?

செப்பனிடும் கடமை நமக்குப் புதிதன்று. மேட்டூர் நீர் வந்து சேருமுன் வாய்க்கால்களைத் தூர்வாருவதும், நடவுக்குமுன் அண்டை வெட்டி வரப்புக்குச் சேறு பூசுவதும் இம்மண்ணின் வழக்கம். நீரால் பயன் பெறுவோரே அதன் வழியைச் சீர்செய்யவேண்டும் என்பது குடிமராமத்தின் அடிப்படை. 1858-இல் ஆங்கிலேய ஆட்சி அதனைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியபோது சுமை உழைக்கும் ஏழையர்மீது விழுந்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பயனை ஒருவர் துய்க்க, பழுதை மற்றொருவர் சுமப்பது மராமத்து ஆகாது என்பதே அவ்வரலாறு புகட்டும் பாடம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். அக்கண்டனத்தின் வேரை நற்செய்தியிலேயே காணலாம். அப்பம் பலுகிய இடத்தில் புல் மிகுதியாய் இருந்ததென யோவான் குறிப்பிடுகிறார். அப்புல்தரையில் மக்களை அமரச்செய்து நிறைவாய் உண்பித்தவர், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி சீடரைப் பணித்தார். ஐந்து அப்பங்களைப் பல்லாயிரவர்க்குப் போதுமானதாக்கியவர்க்குத் துண்டுகள் தேவைப்பட்டிருக்குமா? பொருளின் குறைவினால் அன்று, அதன் மதிப்பினாலேயே அவர் அவ்வாறு பணித்தார் என்று கொள்வதே பொருந்தும்.

ஆதலால், முற்றத்தில் நெகிழிப் புல்லை ஏற்கெனவே விரித்தவர் அதனை இயன்றமட்டும் செப்பனிட்டு, நெடுநாள் பயன்படுத்துவாராக. விரித்தபோது மிஞ்சிய துண்டுகளைப் பத்திரப்படுத்துவாராக. இனி விரிக்க எண்ணுவோர், அதன் இறுதிநாள்வரை பொறுப்பேற்க மனம் உண்டா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்வாராக. செப்பனிட இயலாத நாள் வரும்போது, அவ்விடத்தை மீண்டும் மண்ணுக்கே விட்டுக்கொடுப்போம். ஒரு பிடி அறுகு போதும். எஞ்சியதை மழை பார்த்துக்கொள்ளும்.