திறமையினால் ஜெயித்த பணம் யாருடைய பணம்?



"பாஸ்டர், லாட்டரி பாவம்னு சொல்றீங்க, ஒத்துக்கிறோம். அது குருட்டு அதிர்ஷ்டம். ஆனா குதிரை ரேஸ் அப்படி இல்லையே. அது படிப்பு, கணக்கு. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே!" இந்தக் கேள்வியை வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு விசுவாசிகள் என்னிடத்தில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் ஒருவரும் மூடர் அல்ல. சூதாட்டம் பாவம், அல்லேலூயா, அடுத்த பாட்டைப் பாடுவோம் என்று தாண்டிப் போய்விடுவது சுலபம். அப்படித் தாண்டிப் போனால், கேட்டவன் வாயை மூடிக்கொள்வான், பழக்கத்தை விடமாட்டான். ஆகையால் இந்த மாதம் இதைக் கொஞ்சம் விசாரிப்போம்.

முதலாவது கோர்ட்டு காரியம். நம் மாநிலத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். ரேஸ் கிளப் வழக்குக்குப் போயிற்று. 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பந்தயத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே சட்டம் சொல்லும் சூதாட்டம் என்ற வகையில் அது சேராது. லாட்டரிக்கு அந்தத் தப்பிப்பு இல்லை. 2003-ல் தமிழ்நாட்டில் அதை நிறுத்திவிட்டார்கள். கிண்டி மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து 160 ஏக்கரைக் கையில் எடுத்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். அது நிலத்தையும் வாடகை பாக்கியையும் பற்றிய சண்டை. பாவ புண்ணியத்தைப் பற்றியதல்ல. கிண்டியில் கதவை மூடினால் என்ன? பந்தயம் கட்டுகிறவனுக்கு பெங்களூர் இருக்கிறது, ஐதராபாத் இருக்கிறது.

தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ரேஸில் திறமை உண்டு என்பது மெய்யே. அதை மறுத்துப் பிரசங்கம் பண்ணுகிறவர் ரேஸ் புத்தகத்தை ஒருநாளும் திறந்து பார்த்திராதவர்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் (இந்த ஊர்க்காரர் அல்ல) பதினான்கு வருஷமாக நோட்டுப் புத்தகம் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு குதிரையும் 1200 மீட்டரில் எப்படி ஓடியது, 1600 மீட்டரில் எப்படி மூச்சு வாங்கியது, போன தடவை எத்தனை கிலோ சுமந்தது, இந்தத் தடவை எத்தனை, ஜாக்கி மாறினானா, மழை பெய்து தரை இளகியிருந்ததா, எந்த வாசலிலிருந்து புறப்பட்டது, காலைப் பயிற்சியில் எப்படி ஓடியது, எல்லாம் தேதியோடு இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து நான் பிரமித்துப் போனேன். நம்மில் எத்தனை பேர் வேதத்தை அப்படி வாசிக்கிறோம்? சரி, அது வேறே பிரசங்கம்.

அவர் கட்டுவது ஒரு குதிரைமேல் அல்ல. ஜாக்பாட். தொடர்ந்து வரும் ஐந்து பந்தயங்களில் ஐந்திலும் முதலாவது வரும் குதிரையைச் சொல்லவேண்டும். இதற்குத்தான் திட்டம் போடுவார்கள். மிகவும் நம்பிக்கையுள்ள ஒரு பந்தயத்தில் ஒரே குதிரை, அதற்கு பேங்கர் என்று பெயர். மற்ற நாலு பந்தயங்களில் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று பரப்பிப் போடுவார்கள். பெருக்கிப் பாருங்கள், 36 சீட்டு ஆகிறது. கணக்குக்காக ஒரு சீட்டு பத்து ரூபாய் என்று வைத்தால் 360 ரூபாய். பேங்கர் குதிரை ஜெயிக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு, இரண்டு குதிரை போட்ட இடத்தில் ஐம்பது, மூன்று போட்ட இடத்தில் அறுபத்தைந்து என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்தையும் பெருக்கினால் ஏறக்குறைய 24 நாளுக்கு ஒரு நாள்தான் ஐந்தும் விழும். அதற்குள் 8,640 ரூபாய் போயிருக்கும். அந்த ஒரு நாளாவது பெரிய தொகை வருமா? எல்லாரும் எதிர்பார்த்த குதிரைகளே வந்தால் ஜெயித்தவர்கள் ஏராளம், பங்கு சிறிது. பெரிய தொகை வரவேண்டுமானால் யாரும் நினையாத குதிரை வரவேண்டும். யாரும் நினையாததை நீங்கள் மட்டும் நினைத்திருக்கவேண்டும்!

இன்னொன்றைக் கவனியுங்கள். குதிரைகள் எல்லாம் ஒரே எடையைச் சுமந்து ஓடுவதில்லை. ஹேண்டிகேப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு எடையைக் கூட்டுவார்கள், சுமாரான குதிரைக்குக் குறைப்பார்கள். இதற்கென்றே ஹேண்டிகேப்பர் என்று ஒரு அதிகாரி உண்டு. எல்லாக் குதிரையும் ஒரே சமயத்தில் எல்லைக் கோட்டைத் தொடவேண்டும் என்பதுதான் அவர் வேலையின் லட்சியம். அதாவது, யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியாதபடி செய்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர். அவர் கட்டிவைத்ததை அவிழ்க்கிறேன் என்று நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார் நம்முடைய சகோதரர். அந்த ஆங்கிலப் பெயரே தொப்பிக்குள் கைவிடும் ஒரு பழைய விளையாட்டிலிருந்து வந்தது.

இங்கே பிரசங்கி 9:11 உங்கள் நினைவுக்கு வரும். வேகமுள்ளவனுக்கே ஓட்டம் என்பதில்லை, காலமும் எதிர்பாராத சம்பவமும் எல்லாருக்கும் நேரிடும் என்கிற கருத்தை சாலொமோன் சொல்லுகிறான். இதை வைத்துக்கொண்டு சில ஊழியக்காரர்கள், திறமையெல்லாம் வீண், எல்லாம் அதிர்ஷ்டமே, ஆகையால் ரேஸ் பாவம் என்று முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி முடிக்கமாட்டேன். ஏனென்றால் திறமையினால் ஜெயிக்கிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள்.

பில் பென்டர் என்று ஒரு அமெரிக்கர். சீட்டாட்டத்தில் கணக்குப் போட்டு ஜெயித்துப் பழகியவர். 1980-களில் ஹாங்காங்குக்குப் போய், குதிரைகளைப்பற்றிய விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு குதிரைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கெடுக்கக் கற்றுக்கொண்டார். முதல் வருஷங்களில் நஷ்டம். பிறகு கோடி கோடியாக ஆதாயம். 2001-ல் டிரிபிள் ட்ரையோ என்கிற பந்தயத்தில், அதாவது மூன்று ரேஸில் ஒவ்வொன்றிலும் முதல் மூன்று குதிரைகளைச் சொல்லவேண்டிய பந்தயத்தில், ஆயிரக்கணக்கான சீட்டு போட்டு ஜெயித்தார். ஜெயித்த சீட்டைக் கொண்டுபோய்ப் பணம் வாங்காமலே விட்டுவிட்டார் என்பது பிற்பாடு பத்திரிகைகளில் வந்தது. ஆக, திறமைக்கு ரேஸில் இடம் உண்டு. சந்தேகமே இல்லை.

பிரியமானவர்களே, கேள்வியே இங்கேதான் தொடங்குகிறது. பென்டர் ஜெயித்த பணம் எங்கிருந்து வந்தது?

குதிரை பணம் கொடுக்கவில்லை. கிளப்பும் தன் கையிலிருந்து கொடுக்கவில்லை. டோட் முறை எப்படி நடக்கிறதென்றால், கட்டினவர்கள் பணமெல்லாம் ஒரே பானையில் விழும். அதிலிருந்து கிளப்பின் பங்கும் அரசின் வரியும் முதலில் போய்விடும். நம் நாட்டில் ரேஸுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. மிச்சமுள்ளதை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். யார் ஜெயித்தாலும் பானைக்குக் கவலையில்லை. ஜெயித்தவனுடைய ஒவ்வொரு ரூபாயும் தோற்றவனுடைய ரூபாய். ஹாங்காங்கில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது, கம்ப்யூட்டர் இல்லாத கொத்தனாரும் ஓட்டல் பையனும் கட்டின பணம்.

லாட்டரியில் எல்லாரும் ஒரே மாதிரி குருடர். அங்கே ஜெயிக்கிறவனும் தோற்கிறவனும் சமம். ரேஸில் திறமை உண்டு என்று சொல்லுகிற அந்த நிமிஷமே, கண் தெரிந்தவன் கண் தெரியாதவனிடமிருந்து வாங்குகிறான் என்று ஒத்துக்கொள்கிறோம். நான் அதிகம் படித்தவன், ஆகையால் இது பாவம் இல்லை என்கிறார் நம் சகோதரர். அய்யா, நீங்கள் அதிகம் படித்ததினால்தானே இது இன்னும் மோசமாகிறது! குருடனுக்கு முன் தடுக்கல் வைக்கக்கூடாது என்பது லேவியராகமம் 19:14-ன் கட்டளை. ஒருவரையொருவர் அநியாயஞ்செய்யாதிருக்கும்படி 25:17 எச்சரிக்கிறது.

"அவன் தானா வந்து கட்டினான், நான் கையைப் பிடிச்சு இழுக்கலையே" என்பார்கள். மெய்தான். கடன்காரனும் தானாகத்தான் கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகிறான். சம்மதம் இருக்கிறதென்பதினால் காரியம் சுத்தமாகிவிடுமா? பிறன் தோற்கவேண்டும் என்று ஆசைப்படாமல் பந்தயம் கட்ட முடியுமா என்று மாத்திரம் யோசித்துப் பாருங்கள். பிறனை நேசி என்று கற்ற இருதயம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஆசையை எங்கே வைக்கும்?

"அப்போ வியாபாரம்? விவசாயம்? அதுலயும் ரிஸ்க் இருக்கே" என்று இன்னொருவர் கேட்டார். நல்ல கேள்வி. தஞ்சாவூர் விவசாயி விதைக்கும்போது மழையை நம்பித்தான் விதைக்கிறான். மழை பொய்த்தால் அவனுக்கு நஷ்டம், ஆனால் அந்த நஷ்டத்தினால் ஜெயித்தவன் என்று ஒருவன் இல்லை. மழை பெய்தால் அவனுக்கும் லாபம், உங்கள் வீட்டுப் பானையிலும் சோறு. ரேஸ் முடிந்த சாயங்காலம் உலகத்தில் ஒரு படி அரிசிகூட அதிகமாகவில்லை. பணம் மாத்திரம் கைமாறியிருக்கிறது. எபேசியர் 4:28-ல் பவுல் எதிர்பார்ப்பது, குறைவுள்ளவனுக்குக் கொடுக்கும்படி கையினால் பாடுபடுகிறவனை. ஷேர் மார்க்கெட்டைப்பற்றியும் கேட்பீர்கள். கம்பெனியில் பங்குதாரனாக இருப்பது ஒன்று, காலையில் வாங்கி சாயங்காலம் விற்பது இன்னொன்று. இரண்டாவது எனக்கு ரேஸ் வாசனையடிக்கிறது, அவ்வளவு சொல்லி விட்டுவிடுகிறேன்.

அரசாங்கமும் ஒரு விதத்தில் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடுவது திறமையினால் என்றாலும் அதிர்ஷ்டத்தினால் என்றாலும் ஒன்றே என்று வைத்துத் தடைசெய்தது.

ஒரு வாலிபத் தம்பி குறும்பாகக் கேட்டான்: "பாஸ்டர், வருஷப்பிறப்பு ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதுவும் சீட்டுதானே?" சீட்டுதான். மத்தியாவைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலரும் சீட்டுப்போட்டார்கள். நீ ஆசீர்வாத வசனத்தை எடுத்ததினால் உன் பக்கத்தில் இருக்கிறவன் ஆசீர்வாதத்தை இழந்துபோகிறானா தம்பி? இல்லையே. ஆனால் சிலுவையின் அடியிலே சேவகர்கள் போட்ட சீட்டு இருக்கிறதே, அது வேறே. மேலே ஒருவர் உயிரை விட்டுக்கொண்டிருக்க, கீழே குனிந்து அவருடைய அங்கி யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். (பிடிக்காத வசனம் வந்தால் அட்டையைத் திரும்பப் போட்டுவிட்டு வேறே எடுக்கிற தாய்மார்களைப்பற்றி டிசம்பர் இதழில் எழுதுகிறேன்.)

இனி தசமபாகம். அந்தச் சகோதரருக்கு ஒரு நாள் ஜாக்பாட் விழுந்தது. மறு ஞாயிறு ஒரு கவரோடு வந்தார். கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணியிருந்தாராம். நான் அதை வாங்கவில்லை. "ஏன் பாஸ்டர், கூரைக்கு ஷீட் போடணும்னு நீங்கதானே ஜெபிச்சீங்க?" என்றார். கூரை ஒழுகுகிறது உண்மைதான். பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவருடைய மனைவி தையல் வேலை செய்து ரேஸ் கடனில் பாதியை அடைத்திருந்ததை அறிந்திருந்தேன். அந்தக் கவர் முதலாவது அந்த அம்மாவுடையது என்று சொன்னேன். அவர் முகம் மாறிப்போயிற்று. கவரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மத்தேயு 27-ஐ அன்று இரவு வாசித்தேன். பிரதான ஆசாரியர்கள் அந்த முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று நியாயம் பார்த்தார்கள். குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். கணக்கு சுத்தம். ஆனால் மனஸ்தாபப்பட்டுக் கொண்டுவந்த மனுஷனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் நாண்டுகொண்டு செத்தான். பணத்தைத் தள்ளுகிறதில் நாமும் அவர்களைப்போல் கவனமாயிருக்கிறோம். ஆளைத் தள்ளாமலிருக்கிறோமா?

நம்முடைய சபையிலும் இந்தப் பழக்கத்தில் சிக்கியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் ஊகிக்கவேண்டாம். விடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மிகவும் கஷ்டமான வேளை ராத்திரி அல்ல, ரேஸ் நாள் மத்தியானம். முழு உபவாச ஜெபத்துக்கு வரத் துணிவில்லாதவர்கள்கூட, அந்த வேளையில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் நிலைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சகோதரர் இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வேண்டும். போதகம் பண்ணவேண்டியதில்லை, போய் உட்கார்ந்தால் போதும். மனமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் என்னைத் தனியே வந்து பாருங்கள்.