ஏற்றமும் இறக்கமும்

ஃபோக்ஸ்வாகனின் டி3 வேன் 1979-இல் வந்தது. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கை, அடுப்பு, உயர்த்திக்கொள்ளும் கூரை எல்லாம் பொருத்தி நடமாடும் வீடாக்கியது. பின்புறத்தில் இருந்ததோ, தொடக்கத்தில், காற்றில் குளிரும் 1.6 லிட்டர் எஞ்சின், 50 குதிரைத்திறன். ஆட்களும் தண்ணீரும் மூட்டைகளும் ஏறினால் வண்டி இரண்டு டன்னைத் தொடும். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைப்பாதை 2,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அங்கே காற்று மெலிந்து, இருக்கிற திறனிலும் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். பின்னால் வரிசைகட்டும் வண்டிகளைக் கண்ணாடியில் பார்த்தபடி மூச்சிரைக்க ஏறுகிறவருக்குப் பெரிய எஞ்சின் மேல் ஆசை வராதா? அந்த ஆசையை நான் மதிக்கிறேன். பழையதை விற்றுத் தொலைக்க மனம் வராதவரின் ஆசை அது.

பலர் நாடுவது சுபாருவின் 2.2 லிட்டர் எஞ்சினை. பழைய எஞ்சினைப் போலவே அதிலும் நான்கு சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால் பின்புறத்துத் தாழ்வான எஞ்சின் அறைக்குள் அடங்கும். திறன் 130 குதிரைக்குக் குறையாது. இடையில் ஒரு தகடு வைத்து கியர்பாக்ஸோடு இணைக்கிறார்கள். பிறகுதான் வேலை தொடங்குகிறது. தரையை நெருங்கித் தொங்கும் ஆயில் சம்பை வெட்டிக் குறைக்க வேண்டும். முன்னால் ரேடியேட்டர் இல்லாத பழைய வண்டியென்றால் அதையும் வைத்து, வண்டி நீளத்துக்கும் குழாய் இழுக்க வேண்டும். ஒயரிங் தனிப் பாடு. இவ்வளவும் பணத்திலும் பொறுமையிலும் முடிந்துவிடும்.

பிரேக் அப்படியல்ல. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 110-இல் ஓடினால், நிறுத்தும்போது அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது. வேகம் கூடியதோ பாதிகூட இல்லை. முன்சக்கர டிஸ்க், பின்சக்கர டிரம், பல்சக்கரங்கள், டயர் எல்லாம் அந்தப் பழைய எஞ்சினை நம்பி அளவெடுத்துச் செய்தவை. குறையென்று நாம் ஏசிய அந்த நிதானம்தான் இத்தனை காலம் அவற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஓரிடத்தில் வலிமை கூடினால், அதுவரை சத்தமில்லாமல் உழைத்த ஒவ்வொரு உறுப்பும் சோதனைக்கு வந்து நிற்கிறது. தாங்குகிறவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுதான் அந்த வலிமை.

தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் ஆலை இதை உணர்ந்திருந்தது. 2002 வரை டி3-ஐக் கட்டிய அந்த ஆலை, ஆடியின் ஐந்து சிலிண்டர் எஞ்சினை ஏற்றிய பின்னாளைய வண்டிகளின் முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க் பிரேக்கையும் கொடுத்தது. எஞ்சின் மாற்றும் அன்பர்கள் பலர் இன்றும் அந்தப் பிரேக்கைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். எஞ்சினுக்குக் காசு சேர்ப்பவர் முதலில் அதை வாங்கிப் பூட்டட்டும். குரோஸ்குளோக்னரில் ஏறியவர் மறுபக்கம் இறங்கியாக வேண்டும்.