சிற்றுருவும் வாய்மையும்

ஒன்றைக் கண்டு அதைப் போலவே மற்றொன்றைச் செய்து பார்க்கும் விருப்பம் மக்களினத்தோடு உடன்பிறந்தது. பெருந்தேர் ஓடிய வீதியிலேயே குழந்தைகள் சிறுதேர் உருட்டினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவத்திற்குச் சிறுதேர் என்றே நம் புலவர் பெயரிட்டனர். குயவர் மண்குதிரை செய்தனர். தச்சர் மரப்பாச்சி கடைந்தனர். இவற்றை விளையாட்டென்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் இவ்விளையாட்டின் அடியில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஒன்றைப் போல மற்றொன்றைச் செய்பவர் எந்த அளவிற்கு உண்மையாக இருத்தல் வேண்டும்? அனைத்தையும் காட்டினால்தான் உண்மையா? காட்டாமல் விடுவதெல்லாம் பொய்யாகுமா?

இக்கேள்வியை ஏட்டளவில் ஆராய்வதைவிடக் கண்முன் உள்ள ஒரு பொருளைக் கொண்டு ஆராய்வது நன்று. சிராங்கூன் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடொன்றில் என் நண்பர் ஒருவர் செய்து முடித்திருக்கும் இரயில் எஞ்சினின் சிற்றுருவையே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் பணி ஓய்வு பெற்ற தொழில்நுட்பர். ஏறத்தாழ ஒரு சாண் நீளமே உள்ள அதனைச் செய்ய அவருக்கு மூன்றாண்டுகள் ஆயின.

மலர்ப்பெயர் தாங்கிய எஞ்சின்

மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் கட்டிய புதிய டீசல் எஞ்சின்கள் மலாயா இரயில்வேக்கு வந்து சேர்ந்தன. இருபதாம் வகுப்பு என வழங்கப்பட்ட அவை மொத்தம் 26. ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன் உடையது; மும்மூன்று அச்சுகள் கொண்ட இரண்டு போகிகளின்மேல் அமைந்தது. இத்தகைய எஞ்சினில் டீசல் பொறி சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியைச் சுழற்றும். அங்குப் பிறக்கும் மின்சாரம் அச்சுகளை ஒட்டிய மோட்டார்களை இயக்கும்.

அவ்வெஞ்சின்களுக்கு மலாய் மொழியில் மலர்களின் பெயர்களைச் சூட்டினர். முதல் எஞ்சினின் பெயர் புங்கா ராயா. செம்பருத்தி என்பது பொருள். 1960இல் அம்மலரே மலாயாவின் தேசிய மலராகவும் ஆயிற்று. இரும்புக்குப் பூவின் பெயரிட்ட அந்த உள்ளத்தை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரின் தலைவாயிலாக இருந்தது. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு அங்கிருந்து கடைசி இரயில் புறப்பட்டது. ஜோகூர் சுல்தான் இப்ராகிம் அதனை ஓட்டிச் சென்றார். பின்னர்த் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவை கிடந்த 24 கிலோமீட்டர் நிலப்பகுதி இன்று பசுமை வழித்தடமாக விளங்குகிறது. நிலையக் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. இன்று நம் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுள் எவரும் அங்கு இரயிலைக் கண்டவரல்லர். இனி அவர்கள் காணப்போவது படங்களையும் இத்தகைய சிற்றுருக்களையுமே. ஆதலால் சிற்றுரு உண்மை சொல்கிறதா என்னும் கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று.

சிற்றுருவும் உவமையும்

தமிழ் பயின்றவர்க்கு இக்கேள்வி புதிதன்று. தொல்காப்பியர் உவமவியலில் உவமையை நால்வகைப்படுத்தினார். தொழில் பற்றி வருவது ஒன்று. பயன் பற்றி வருவது ஒன்று. வடிவு பற்றி வருவது ஒன்று. நிறம் பற்றி வருவது ஒன்று. புலி போன்ற வீரன் என்றால், பாய்ச்சலில் ஒப்புமை கொள்கிறோமே அன்றி எவரும் வாலைத் தேடுவதில்லை. எல்லா வகையாலும் ஒத்திருப்பின் அது உவமை அன்று, அப்பொருளே ஆகிவிடும்.

சிற்றுருவும் பித்தளையால் ஆகிய ஓர் உவமையே. வடிவிலும் நிறத்திலும் அது மூலத்தை ஒத்திருக்கிறது. தொழிலில் ஓரளவே ஒத்திருக்கிறது. தானும் மின்மோட்டாரால் ஓடுகிறது. ஆயினும் எவரையும் எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. பயனிலோ முற்றிலும் வேறு. மூலத்தின் பயன் பயணம். இதன் பயன் நினைவு. ஆகவே சிலவற்றை விடுவது சிற்றுருவின் குற்றம் அன்று, அதன் இலக்கணம். எவற்றை விடலாம், எதன் பொருட்டு விடலாம் என்பதே அறத்தின் வினா.

ஒரு மில்லிமீட்டர்

இங்கிலாந்தில் சிற்றுரு செய்வோரிடையே ஒரு விந்தையான வழக்கம் உண்டு. அங்குப் பெரிதும் வழங்கும் அளவின்படி ஓர் அடி நான்கு மில்லிமீட்டராகக் குறுகும். அதாவது மூலத்தில் ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. ஆனால் அவர்கள் இடும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அஃது ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்னும் வேறோர் அளவுக்கு உரியது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவிற் சிறியன. அக்காலத்து மோட்டார் அவற்றின் சிற்றுருவினுள் அடங்கவில்லை. எனவே உடலைப் பெரிதாக்கித் தண்டவாளத்தை அப்படியே விட்டனர். அதனால் 1,435 மில்லிமீட்டர் இடைவெளி உடைய பாதை, 1,257 மில்லிமீட்டர் பாதையாகத் தோன்றுகிறது. 1960களில் சிலர் இதனைப் பொறாமல் 18.83 மில்லிமீட்டர் என்று துல்லியமாகக் கணக்கிட்டுப் புதிய நெறி வகுத்தனர். பலர் பழைய வழக்கத்தையே தொடர்கின்றனர்.

என் நண்பரின் இடர்ப்பாடும் இத்தகையதே. நம் பக்கத்துப் பாதை மீட்டர் பாதை. 76இல் ஒரு பங்காகக் குறுக்கினால் இடைவெளி 13.1 மில்லிமீட்டர் வரும். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதோ 12 மில்லிமீட்டர். அதனை இட்டால் மீட்டர் பாதை மூன்றடிப் பாதை ஆகிவிடும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பார்ப்பவர் எவரும் அறியார். நண்பர் கடைத் தண்டவாளத்தை வாங்கவில்லை. ஒவ்வொரு கட்டையையும் தாமே வெட்டி, ஒவ்வொரு கம்பியையும் தாமே பற்றவைத்து, அச்சுகளையும் அதற்கேற்பத் திருத்தினார். இதற்கே ஆறு திங்கள் சென்றன.

வீண் பிடிவாதம் என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்குக் காரணமும் உண்டு. அதே நண்பர் எஞ்சினின் கைப்பிடிக் கம்பிகளை உரிய அளவைவிடத் தடிமனாகவே செய்திருக்கிறார். மூன்று மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அளவுப்படி குறுக்கினால் 0.04 மில்லிமீட்டர் ஆகும், அது நாம் எழுதும் தாளைவிட மெல்லியது, தொட்டால் மடங்கும். எனவே அதையும் தடிப்பாக்கினார். சிற்றுருவின்மேல் பூசும் சாயம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலும், மூலத்தில் அது ஏழு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பூச்சாகும். இவற்றிலெல்லாம் விட்டுக்கொடுத்தவர் தண்டவாளத்தில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை?

இங்கேதான் ஓர் அறநுட்பம் புலனாகிறது. அளவு மாறினால் பொருளின் இயல்பும் மாறும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். நீளம் 76இல் ஒரு பங்காகும்போது கனஅளவு ஏறத்தாழ நான்கு இலட்சத்து நாற்பதாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நூறு டன் எஞ்சின் ஒன்றை அதே பொருள்களால் அவ்வளவில் செய்ய முடியுமாயின், அதன் எடை கால் கிலோவைக்கூட எட்டாது. ஆதலால் கம்பியைத் தடிப்பாக்கியது இயற்கை இட்ட கட்டளை. தண்டவாளத்தைக் குறுக்குவதோ கடை தந்த வசதி. இயலாமையால் விடுவது வேறு. எளிமை கருதி விடுவது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. செய்தவர் நெஞ்சிற்கு ஒன்றல்ல.

அவ்வாறாயின் 16.5 மில்லிமீட்டர் இடும் பிரிட்டிஷ் அன்பர்கள் எல்லாரும் பொய்யரோ? அல்லர். அவர்கள் அவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. அனைவரும் அறிந்து ஒப்புக்கொண்ட மரபு அது. தெருக்கூத்தில் ஒரு முறை வலம்வந்து நாடு கடந்ததாகச் சொல்லும் அரசனை எவரும் பொய்யன் என்பதில்லை. மறைக்கும்போதுதான் மரபு பொய்யாகிறது. வள்ளுவரும் வாய்மைக்கு இலக்கணம் கூறுகையில் சொல்லின் வடிவைவிட அதன் விளைவையே அளவுகோலாகக் கொண்டார். பார்ப்பவரை ஏமாற்றும் விளைவு இல்லாத இடத்தில் பொய்ம்மை இல்லை.

நண்பரின் செயலில் நான் மிகவும் போற்றுவது அந்த 13.1 மில்லிமீட்டரை அன்று. சிற்றுரு நிற்கும் பலகையின் அடியில் அவர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். கைப்பிடிக் கம்பிகள் அளவிற்கு மேல் தடித்தவை. பொறியறையில் மூல எஞ்சினின் உறுப்புகள் இல்லை, மோட்டார் மட்டுமே உள்ளது. நிறம் பழைய வண்ணப்படங்களைப் பார்த்துக் கலந்தது, ஆகவே ஐயத்திற்குரியது என்று வரிசையிட்டு எழுதியிருக்கிறார். வாங்குவார் எவரும் இலர். தேர்வாளர் எவரும் இலர். ஆயினும் எழுதியிருக்கிறார். சிற்றுருவின் வாய்மை முழுமையில் இல்லை. இந்தத் தாளில் இருக்கிறது.

அளவுகோலில் அடங்காதவை

அந்தத் தாளில் சேராத ஒன்று உண்டு. ஒருநாள் அண்டை வீட்டுச் சிறுவன் சிற்றுருவை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுல ஆளே இல்லையே?” என்று கேட்டானாம். நண்பர் இதனை என்னிடம் சொல்லிச் சற்றுநேரம் பேசாதிருந்தார்.

ஆம், ஆள் இல்லை. ஆனால் அந்த எஞ்சின் ஓடிய பாதை ஆட்களால் ஆனது. காடு திருத்தி, மண் சுமந்து, கட்டை அடுக்கி, கம்பி பதித்தவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மிகப் பலர். பின்னர் ஆண்டு முழுதும் வெயிலிலும் மழையிலும் பாதையைச் செப்பனிட்டவர்களும் அவர்களே. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். போர்க்காலத்தில், 1942-43ஆம் ஆண்டுகளில், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தபோது, மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுசென்றனர். தண்டவாளங்களை மட்டுமா கொண்டுசென்றனர்? தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரையும் கொண்டுசென்றனர். பல்லாயிரவர் திரும்பவில்லை.

இவற்றைச் சிற்றுருவில் எவ்வாறு காட்டுவது? பாதையோரம் ஒரு தொழிலாளியின் உருவத்தை நிறுத்தலாம். அளவுப்படி அவ்வுருவம் 22 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். கையில் சம்மட்டியும் கொடுக்கலாம். அது காட்சிக்கு அழகு சேர்க்கும். அழகு சேர்ப்பதே அதன் குறை என எனக்குத் தோன்றுகிறது. உடலின் உயரத்தைக் குறுக்கலாம். உழைப்பின் சுமையைக் குறுக்க எந்த அளவுகோலும் இல்லை. பொம்மையை நிறுத்திவிட்டு, தொழிலாளரையும் காட்டிவிட்டோம் என்று மனநிறைவு கொள்வது, காட்டாமல் விடுவதைவிடப் பெரிய பொய்யாகிவிடக்கூடும்.

அதனால் சிற்றுரு செய்வதே வீண் என்பது என் கருத்தன்று. எஞ்சினின் வடிவைச் சொல்வது சிற்றுருவின் கடமை. அதனை அது செவ்வையாகச் செய்கிறது. அது சொல்ல முடியாததைச் சொல்வது அதனைக் காட்டுபவரின் கடமை. அச்சிறுவனை அமர்த்தி, யார் பாதை இட்டார், யார் விளக்குக் காட்டினார், யார் வீடு திரும்பவில்லை என்பதையெல்லாம் நண்பர் அரைமணி நேரம் எடுத்துரைத்தார் என்று அறிந்து மகிழ்ந்தேன். சிற்றுரு தொடங்கியதைச் சொல் நிறைவுசெய்தது.

வகுப்பறைச் சிற்றுருக்கள்

ஆசிரியராகிய நாமும் நாள்தோறும் சிற்றுருக்களையே செய்துகொண்டிருக்கிறோம். முப்பது சென்டிமீட்டர் உலக உருண்டையில் எவரெஸ்ட் சிகரத்தின் உண்மையான உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். விரலால் தடவினாலும் தெரிவது அரிது. மலைகளைப் புடைப்பாகக் காட்டும் உருண்டைகள் அதனைப் பன்மடங்கு பெருக்கியே காட்டுகின்றன. குழந்தை உணர்வதற்காகப் பெருக்குகிறோம் என்று சொல்லிக் காட்டினால் அது கல்வி. சொல்லாவிட்டால் அது பிழையான பாடம். இலக்கண விதியொன்றை எளிமையாக்கிச் சொல்கிறோம். ஒரு காப்பியத்தை இரண்டு பக்கக் கதையாக்குகிறோம். ஒரு பேரரசின் முந்நூறு ஆண்டுகளை ஒரு பாடவேளையில் முடிக்கிறோம். நம் முன்னோர் இம்மண்ணில் சிந்திய வியர்வையையோ அரைப்பக்கத்தில் அடக்கிவிடுகிறோம்.

இவை தவிர்க்க முடியாதவை. பத்து வயதுப் பிள்ளைக்கு முழு வரலாற்றையும் எவராலும் கொடுக்க இயலாது. ஆனால் இரண்டு வினாக்களை ஒவ்வோர் ஆசிரியரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். நான் விட்டது மாணவரின் பருவம் கருதியா, என் வசதி கருதியா? விட்டிருக்கிறேன் என்பதை மாணவருக்கு உணர்த்தினேனா? ‘இத்துடன் இது முடிந்தது’ என்று சொல்லி நூலை மூடும் ஆசிரியரும், ‘இதில் இன்னும் பல உண்டு, நீ வளர்ந்தபின் தேடிப் படி’ என்று சொல்லி மூடும் ஆசிரியரும் கற்பித்த பாடம் ஒன்றே ஆகலாம். மாணவர் பெற்ற கல்வி ஒன்றாகாது. முன்னவரின் மாணவர் சிற்றுருவையே எஞ்சின் என்று நம்பிவிடுவார். பின்னவரின் மாணவர் எஞ்சினைத் தேடிப் புறப்படுவார்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். சுருக்கமான எதனைக் கண்டாலும், அது பாடநூலாயினும், படமாயினும், பெரியோர் கூறும் பழங்கதையாயினும், பலகையைச் சற்றே தூக்கி அடியில் பாருங்கள். அங்குத் தாள் ஒட்டப்பட்டிருந்தால் செய்தவரை நம்பலாம். தாள் இல்லையேல், அச்சிறுவனைப் போல அச்சமின்றிக் கேளுங்கள். அவ்வாறு கேட்கும் பிள்ளைகள் இருக்கும்வரை, தண்டவாளம் பெயர்த்த நிலத்திலும் அதனை இட்டவர்களின் வரலாறு அழியாது.