முள் இறங்கும் நேரம்

செவ்வாய், காலை

மூணு கிலோ. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் பம்பு இரண்டு விநாடி முனகிவிட்டு நின்றது. பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜின் முள் மூன்றில் வந்து நிற்கிறது. பெட்ரோலுக்கு மூன்று என்றால் கிலோ, டயருக்கு முப்பது என்றால் பவுண்டு. பேட்டை ரோட்டு ஷெட்டில் இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை.

சாவியை அணைத்தோம். மெக்கானிக் அண்ணாச்சி பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் டீக்கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பெட்ரோல் வேலை நடக்கும் நாளில் அப்படித்தான்.

ஒரு நிமிடம்: 2.2. இரண்டு நிமிடம்: 1.5. ஐந்தாவது நிமிடத்தில் முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"எறங்குது பாத்தியளா" என்றார்.

பார்த்தேன். நான்கு மாதமாக என்னை அலைக்கழித்த சங்கதிக்கு ஒரு முகம் கிடைத்தது இன்றுதான். இத்தனை நாளும் இன்ஜின் ஓடும்போது மட்டுமே அளந்திருக்கிறார்கள். ஓடும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. நின்ற பிறகு என்ன ஆகிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்க்க ஒருவருக்கும் பொழுதில்லை.

செவ்வாய், மதியம்

கார் 2023 டிசம்பர் 18-ஆம் தேதி திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் தண்ணீருக்குள் நின்றது. முந்தின நாளே காயல்பட்டினம் பக்கம் வானம் பிளந்திருந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவது எங்களுக்குப் புதிதில்லை. ஆற்றில் தண்ணீர் கூடினால் முங்கும், வடிந்தால் வெளியே வரும். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசும் முங்கும் என்று நான் எண்ணியதில்லை. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் மட்டும் அதிகம் வியக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் டாங்கைக் காலி செய்தார்கள். முதலில் வடிந்ததை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்தேன். சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே வெளிர் மஞ்சளாகப் பெட்ரோல், கீழே கலங்கலாக இன்னொன்று. கீழே நின்றது வெறும் வெள்ளத் தண்ணீர் இல்லை. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலுக்குத் தண்ணீரைக் கண்டால் போதும், பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்ச் சேர்ந்து அடியில் தங்கிவிடும். பம்பு உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

எனவே எல்லாம் புதிது. பம்பு, ஃபில்டர், இன்ஜின் பக்கத்து ரெகுலேட்டர். டாங்கு கழுவி வந்தது. பிப்ரவரியில், சந்தேகத்தின் பேரில், நான்கு இன்ஜெக்டர்களும். அந்தச் செலவை இங்கே எழுதப் போவதில்லை.

செவ்வாய், இரவு

நோய் இதுதான்: ஓடி நின்ற வண்டி பத்து நிமிடம் கழித்து உடனே கிளம்பாது. சேரன்மகாதேவியில் டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் அடித்தால் கர்ர் கர்ர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு திடீரென்று பிடிக்கும். சாவியை மூன்று முறை திருப்பித் திருப்பி அணைத்து, அதன் பிறகு அடித்தால் சட்டென்று பிடிக்கும். வீட்டில் இதற்குச் 'சாமி கும்பிடுறது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அப்பா சாமி கும்பிட்டாச்சா, போலாமா?"

மூன்று முறை சாவி திருப்புவது மூன்று முறை பம்பை ஓட்டுவது. இறங்கிப் போன அழுத்தத்தை ஏற்றிக்கொள்வது. மருந்து தெரிந்திருந்தும் நோய் எதுவென்று யோசிக்காமல் நான்கு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சொல் போதும்: புட் வால்வு. அது பிடிக்கவில்லை என்றால் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றித்தான் போட வேண்டும். கார் பம்பின் வாயிலும் அப்படி ஒரு வால்வு உண்டு. இன்ஜின் நின்ற பிறகும் குழாயில் பெட்ரோலை அழுத்தத்தோடு பிடித்து வைப்பது அதன் வேலை.

பிடித்து வைப்பது எதற்கு? வெயில் காலத்தில் காரணம் தெளிவு. பெட்ரோலில் இருக்கும் லேசான சரக்கு 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மே மாதத்து நெல்லைக்கு அது வீட்டு வெப்பம். இப்போதுதான் ஓடி நின்ற இன்ஜினின் தலைமாட்டில் கிடக்கும் குழாய்க்கு வெளி வெயிலே தேவையில்லை. அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்தால் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அழுத்தம் போனால் ஆவியாகிவிடும். இன்ஜெக்டர் திறந்தால் வருவது காற்றுப் போன்ற ஒன்று.

அண்ணாச்சி தொழில் படித்தது கார்ப்ரேட்டர் காலத்தில். அதற்கு ஒரு கிண்ணம் இருந்தது. வண்டி நின்றாலும் கிண்ணத்தில் பெட்ரோல் கிடக்கும், அழுத்தத்தைப் பற்றிக் கவலையே இல்லை. 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காரில் பாஷ் கம்பெனியின் மின்னணு இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. எங்கள் ஊர் ஷெட்டுகளுக்கு அந்த மாற்றம் வந்து சேர 2000 தாண்ட வேண்டியிருந்தது. "அப்பம்லாம் காதால கேட்டே சொல்லிருவேன்" என்றார். இப்போது கேஜ் வேண்டியிருப்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புதன்

அழுத்தம் எங்கேயோ போகிறது. வெளியே சொட்டு இல்லை, வாடை இல்லை. அப்படியானால் மூன்று வழிதான். பம்பு வழியாக டாங்குக்குத் திரும்பலாம். ரெகுலேட்டர் வழியாக ரிட்டர்ன் குழாயில் இறங்கலாம். இன்ஜெக்டர் கசிந்து இன்ஜினுக்குள் போகலாம்.

சிறுவயதில் முக்கூடல் பக்கம் பெரியப்பா வயலில் பார்த்தது நினைவுக்கு வந்தது. பிசான நடவு முடிந்த நேரம். சாயங்காலம் நிறையத் தண்ணீர் கட்டியிருப்பார், காலையில் பாதி இருக்காது. திட்டிக்கொண்டே வருவார், ஆனால் மண்வெட்டியை உடனே எடுக்கமாட்டார். தண்ணீர் வரும் வாமடையை அடைப்பார். தண்ணீரில் ஒரு குச்சியை நட்டு, மட்டத்தில் நகத்தால் கீறுவார். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிடுவார். கீறலுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி விழுந்ததும் வரப்போரமாக நடப்பார், மிக மெதுவாக. எங்கோ ஓரிடத்தில் தண்ணீரில் மிதக்கும் தூசி தானாக நகரும். அங்கேதான் நண்டு வளை.

அண்ணாச்சி செய்ததும் ஏறக்குறைய அதுவே. முதலில் ரிட்டர்ன் ஹோஸ். துணியைச் சுற்றி, கிளாம்பைத் தயாராகப் பிடித்தார். ரப்பர் ஹோஸைத்தான் நெரிக்கலாம், பிளாஸ்டிக் குழாயைத் தொடக்கூடாது என்று ஷெட்டுப் பையனிடம் இரண்டு முறை சொன்னார். நான் சாவியைத் திருப்பினேன். மூன்று. பம்பு நின்றதும் நெரித்தார். முள் பழையபடியே இறங்கியது. ரெகுலேட்டர் குற்றவாளி இல்லை.

அடுத்து பம்பிலிருந்து வரும் ஹோஸ். இதற்கும் இரண்டு ஆள் வேண்டும். பம்பு ஓடி நிற்கும் அதே நொடியில் நெரிக்க வேண்டும், பிந்தினால் அழுத்தம் அதற்குள் நழுவிவிடும்.

"ஏலே, நான் சொன்னதும் அமுக்கு. முந்தாத, பிந்தாத."

மூன்று. அமுக்கினான்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ரோட்டில் ஒரு பாபநாசம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. முள் 2.9-ல் நின்றது. ரெகுலேட்டரும் நான்கு இன்ஜெக்டரும் ஒரே நெரிப்பில் விடுதலை. பிப்ரவரிச் செலவு வீண் என்பதற்கும் இதுவே சாட்சி.

"டாங்குக்குள்ளதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "பம்பு புதுசு, வால்வு பிடிக்கலை போல. ஆனா கழட்டிப் பாக்காம கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போயிராதிய."

வியாழன்

பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு டாங்கு மூடியைத் திறந்தார்கள். பம்பைத் தனியே எடுத்து, அதன் வாயில் பெட்ரோல் ஊற்றி நிமிர்த்திப் பிடித்தார். ஊற்றியது அப்படியே நின்றது. வால்வு நன்றாகவே பிடிக்கிறது.

பம்புக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சின்ன ஹோஸ், சுண்டுவிரல் கனம். அதைக் கையில் எடுத்து வளைத்தார். கிளாம்ப் இருந்த இடத்துக்குச் சற்று மேலே ரப்பர் ஊதி, கொழகொழவென்று இருந்தது. இன்னும் வளைத்தபோது ஒரு கீறல் வாய் திறந்தது. நகத்தால் கீறிவிட்டது போல. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது.

சாதாரண பெட்ரோல் ஹோஸ். உள்ளே பெட்ரோல் ஓடத் தகுந்தது, வெளியிலும் பெட்ரோலிலேயே ஊறிக் கிடக்கத் தகுந்தது இல்லை. அதற்கென்று தனி ரகம் உண்டு. ஹோஸின் மேலேயே எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு வேலை பார்த்த இடத்தில் கையில் கிடைத்த துண்டை மாட்டியிருக்கிறார்கள். அந்த மாதம் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வண்டிகள் வரிசையில் நின்றன; அவசரத்தை நான் புரிந்துகொள்கிறேன். பில்லில் 'பம்பு செட் முழுவதும் புதிது' என்று எழுதியதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

கீறல் வழியாகப் பெட்ரோல் டாங்குக்குள்ளேயே பீச்சியதால்தான் வெளியே வாடை இல்லை. ஓடும்போது தெரியாததற்கும் கணக்கு இருக்கிறது. சும்மா நின்று ஓடும் சின்னக் காருக்கு மணிக்கு ஒரு லிட்டர் கூட வேண்டாம். பம்பு அதைப் போல் பல மடங்கு தள்ளும். மிச்சத்தை ரெகுலேட்டர் டாங்குக்குத் திருப்பும். சுத்தமல்லி அணைக்கட்டு நெல்லைக் கால்வாய்க்கு மட்டம் கட்டிக் கொடுத்துவிட்டு மீதியை மேலே வழியவிடுவது போல. ஆறு நிறைய ஓடும்போது கரையில் ஒரு பொத்தல் இருந்தால் கால்வாயில் யாருக்குத் தெரியும்? வரத்து நின்ற பிறகு பார்க்க வேண்டும்.

சரியான ஹோஸ் திருநெல்வேலியில் இரண்டு கடையில் இல்லை, மூன்றாவது கடையில் இருந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் வெட்டிப் போட்டார்கள். கிளாம்பும் மாற்றினார்கள், பழையதன் பல் ரப்பரைக் கடித்திருந்தது.

வெள்ளி, காலை

கேஜை இரவு முழுக்கக் கழற்றாமல் விட்டிருந்தோம். நேற்று மாலை அணைத்தபோது மூன்று. அரைமணி கழித்து 2.7. இன்று காலை ஷெட்டைத் திறந்ததும் பையன்தான் முதலில் குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணே முக்கால் நிக்கி!"

வெள்ளத்தில் நின்ற வண்டியை வைத்திருப்பவர்கள், அதிலும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கியவர்கள், டாங்கு மூடியை ஒரு தடவை திறக்கச் சொல்லுங்கள். ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதை உங்கள் கண்ணால் படித்துவிட்டு மூடச் சொல்லுங்கள். மெக்கானிக் கோபித்தால் டீ வாங்கிக் கொடுங்கள்.