அடிமரம் இல்லாத ஆல்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக நீங்கி, வேறு உறுப்புகள் அவற்றின் இடத்தைப் பெற்ற பின்னரும், அதனை முன்பிருந்த அதே பொருள் என்று கூறுவதற்கு ஆதாரம் யாது என்னும் வினா, வைசேடிகரும் பௌத்தரும் சமணரும் வேதாந்திகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வந்த வினாக்களுள் ஒன்றாகும். தேர், குடம், துணி என அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் பெரும்பாலும் மனிதர் செய்த பொருள்களாகவே இருந்தமையால், அவ்வாதங்களில் ஒருவகை எளிமை தங்கிவிட்டது. உயிருள்ள ஒன்றை உதாரணமாகக் கொள்ளும்போது வினா எவ்வளவு சிக்கலாகிறது என்பதைக் காண விரும்புவோர்க்கு, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹௌராவை அடுத்த சிப்பூரில் உள்ள ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் பூங்காவின் பேராலமரத்தைவிடப் பொருத்தமான சான்று எளிதில் கிட்டாது.

சிப்பூர்ப் பூங்காவின் தொடக்கம் வணிகம் சார்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ராபர்ட் கிட் 1787-இல் அதனை நிறுவியபோது, தேக்கு, வாசனைப் பயிர்கள் முதலியவற்றை இங்கு பயிரிட்டு வருவாய் காண்பதே நோக்கமாக இருந்தது. 1793-இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோவின் காலத்தில்தான் அது இந்தியத் தாவரங்களைத் திரட்டி, வரைந்து, பெயரிடும் ஆய்வுக்களமாக மாறியது. ஆயினும் இன்று அங்குச் செல்வோரில் பெரும்பாலோர் தேடிச் செல்வது, நிறுவியவர்களின் திட்டத்தில் இடம்பெறாத, பூங்காவிற்கு முன்பே அந்நிலத்தில் வேர்கொண்டிருந்த ஆலமரத்தைத்தான்.

அம்மரம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடையது எனக் கருதப்படுகிறது. அதன் கவிகை நாலரை ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை மூடியுள்ளது. 3,500-க்கும் மேற்பட்ட விழுதுகள் அதனைத் தாங்குகின்றன. 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் கிளைகள் முறிந்து, அக்காயங்களின் வழியே பூஞ்சை நுழைந்து அடிமரத்தை அரித்ததால், ஏறத்தாழ 15.7 மீட்டர் சுற்றளவுடையதாக இருந்த அந்த அடிமரம் 1925-இல் வெட்டி அகற்றப்பட்டது. அடிமரம் போன பின்னர் மரம் படரும் வேகம் குறையவுமில்லை. அதனைச் சுற்றி அமைக்கப்பட்ட, 330 மீட்டர் நீளமுள்ள பாதையைத் தாண்டியும் அது வளர்ந்திருக்கிறது.

இம்மரத்தை ஒரு வைசேடிகரின் முன் நிறுத்தினால் அவர் தயங்காமல் விடை கூறுவார். உறுப்புகளை அவயவம் என்றும், அவ்வுறுப்புகளில் பிரிக்க இயலாத உறவால் தங்கியிருப்பதும் அவற்றின் வெறும் கூட்டத்திலிருந்து வேறானதுமான முழுப்பொருளை அவயவி என்றும் அவர் வகுப்பார். ஓர் உறுப்பு நீங்கினால் பழைய அவயவி அழிந்து, எஞ்சிய உறுப்புகளிலிருந்து புதிய அவயவி தோன்றுகிறது என்பது அவரது கொள்கை. அதன்படி 1925-இல் பழைய மரம் அழிந்துவிட்டது. சொல்லப்போனால், ஒவ்வோர் இலையுதிர்விலும் அது அழிந்துகொண்டே இருந்திருக்கிறது. தர்க்க நேர்மைக்காக இவ்வளவு பெரிய விலையைக் கொடுக்க வேண்டுமா என்பது ஐயத்திற்குரியது. பௌத்தரோ, மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி விளக்கிய வழியில், வேர், கிளை, விழுது என்னும் தொகுதிக்கு வழங்கும் வழக்குப் பெயரே மரம் என்பார். அடிமரத்தில் மரத்தின் சாரம் இல்லை என்று காட்டுவதில் இவ்விடை வெற்றி பெறுகிறது. ஆனால் தேரின் சக்கரம் தேய்ந்தால் தேர் தானே இன்னொரு சக்கரத்தை வளர்த்துக்கொள்வதில்லை; ஆல் வளர்த்துக்கொள்கிறது. தொகுதி தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளுமாயின் அதனை வெறும் பெயர் என்று ஒதுக்குவது கடினம்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயம் இவ்விடத்தில் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு, மரத்தை அடியிலோ நடுவிலோ நுனியிலோ வெட்டினாலும் சாறு கசிந்து அது உயிரோடிருக்கும் என்றும், உயிர் ஒரு கிளையை விட்டு நீங்கினால் அக்கிளை மட்டுமே உலரும் என்றும் கற்பிக்கிறார்; அடுத்த பகுதியில் ஆலம்பழத்தைப் பிளக்கச் செய்து, காணவியலாத நுண்மையிலிருந்தே பேரால் எழுகிறது என்கிறார். இக்கணக்கில், சிப்பூரில் உயிர் அடிமரத்தை விட்டு நீங்கிக் கிளைகளில் நிலைத்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனினும் எல்லா உயிர்க்கும் உள்ளீடாய் நிற்கும் ஒரே மெய்ப்பொருளை நோக்கி மகனை அழைத்துச் செல்வதே உத்தாலகரின் கருத்தாகையால், இந்த மரம் அந்த மரத்திலிருந்து எவ்வாறு வேறுபட்டுத் தனித்து நிற்கிறது என்பதை அவர் விளக்க முற்படவில்லை.

இவ்விவாதத்தில் எல்லாத் தரப்பினரும் ஒன்றை ஆராயாமல் ஏற்றுக்கொள்வதாகத் தோன்றுகிறது: அடிமரமே மூலம், விழுதுகள் பின்னர் வந்து சேர்ந்தவை என்பது. ஆலின் பிறப்பு இதற்கு மாறானது. பறவைகள் உண்ட பழத்தின் விதை பெரும்பாலும் மற்றொரு மரத்தின் உச்சியிலோ கவையிலோ முளைத்து, அங்கிருந்து வேர்களைக் கீழே இறக்கும். அவை தாங்கிய மரத்தைச் சுற்றிப் பின்னி, ஒன்றோடொன்று ஒட்டி, நாளடைவில் அடிமரமாகத் திரளும். 1854-இல் வெளிவந்த தம் இமயப் பயணநூலில் ஜோசப் ஹூக்கர், 1782-ஆம் ஆண்டளவில் இவ்விடத்தில் ஒரு காட்டு ஈச்சமரம் நின்றதென்றும், அதன் தலையிலிருந்தே இந்த ஆல் முளைத்ததென்றும், ஈச்சமரத்தடியில் ஒரு பக்கிரி அமர்ந்திருந்தார் என்றும் நினைவுள்ளோர் கூறியதைப் பதிந்துள்ளார். அது உண்மையாயின், 1925-இல் அகற்றப்பட்ட அடிமரமும் ஒட்டித் திரண்ட வேர்த்தொகுதியே. முதலில் இறங்கியவை என்பதைத் தவிர, பின்னர் இறங்கிய விழுதுகளைவிட அதற்குத் தனி உரிமை எதுவும் இல்லை.

ஆகவே மரத்தின் ஒருமையை ஏதோ ஓர் உறுப்பில் தேடுவதைவிட, நீரும் ஊட்டமும் கிளைவழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் இடையறாத தொழிலில் தேடுவதே முறையாகும். தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததே உள்பொருள் எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி வகுத்த சமண இலக்கணம் இதற்கு மிக அருகில் வருகிறது. சமணர் மேலும் சென்று, ஓருடலுக்கு ஓருயிர் உடைய தாவரங்கள் என்றும், பல உயிர்கள் ஓருடலைப் பகிரும் தாவரங்கள் என்றும் பிரித்தனர். பிற மரத்தில் முளைத்து வளரும் அத்தி இனங்களைப் பற்றிப் பனாமாவில் நடத்தப்பட்டு 1991-இல் வெளியான ஓர் ஆய்வு, பார்வைக்கு ஒரே மரமாக நிற்பவை, வெவ்வேறு விதைகளிலிருந்து எழுந்த பல மரங்கள் ஒட்டி இணைந்தவையாக இருப்பதைக் கண்டது. சமணர் மரபணுவியலை முன்னரே அறிந்திருந்தனர் என்று இதனால் பெருமை பேசுவது பிழை. ஓருடல் என்பதிலிருந்து ஓருயிர் என்பது தானாகப் பெறப்படாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தனர் என்ற அளவில் நிறுத்துவதே தகும்.

பூங்காவின் வேலையாட்களுக்கும் இதில் பங்குண்டு. தொங்கும் இளவிழுதுகளை மண் நிரப்பிய மூங்கில் குழாய்களுக்குள் செலுத்தித் தரை சேர்ப்பது அங்கே நெடுங்காலப் பழக்கமாதலால், மரம் எங்கே ஊன்ற வேண்டும் என்பதை ஓரளவு மனிதரும் தீர்மானித்துள்ளனர். அதே வளாகத்தைச் சேர்ந்த மைய தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் ஏறத்தாழ இருபது லட்சம் உலர்ந்த மாதிரிகள் உள்ளன. அவற்றுள் ஓர் இனத்தின் பெயரை நிலையாகத் தாங்குமாறு தெரிவு செய்யப்பட்ட வகைமாதிரிகள் மாறுவதில்லை, ஏனெனில் அவை உயிரோடில்லை. வெளியே நிற்கும் ஆலுக்கு அந்த வசதி கிடையாது. முதுமையில் ஆலின் நடுப்பகுதி அழிந்து, விழுதுகளே தனித்தனி அடிமரங்களாகி, மரம் பல துண்டுகளாகப் பிரியும் என ஹூக்கர் எழுதியிருக்கிறார். சிப்பூரிலும் இணைக்கும் கிளைகள் ஒருநாள் அற்றுப்போய், இருபுறமும் தனித்தனியே தழைக்குமாயின், தொழிலில் ஒருமையைக் கண்ட விளக்கம் இரு மரங்கள் என்று தயங்காமல் சொல்லும். ஆனால் அவற்றுள் எது அந்தப் பேராலமரம் என்று கேட்டால் அதனிடமும் விடையில்லை, பெயர்ப்பலகையை எந்தப் பக்கம் நடுவது என்பதைப் பூங்காவின் பொறுப்பாளரே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.