செத்தவருக்கு மணி எதற்கு?

நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேர் வருகிற ஊர் இதுதான் என்பார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-லிருந்து இங்கே நடத்திய அகழாய்வில் ஒரே ஒரு ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன.

சூதுபவளம் கொங்கு மண்ணில் விளைகிற கல் இல்லை. குஜராத் பக்கமிருந்து வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அதை உடைத்து, உருட்டி, தேய்த்து, ஒவ்வொன்றிலும் நூல் நுழையத் துளை போட வேண்டும். கண்ணாடி மணிக்கு இந்தப் பாடு கிடையாது. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கினால் படிக்கணக்கில் சேர்ந்துவிடும். கொடுமணலில் கண்ணாடி மணிகளும் புழங்கின. ஆனாலும் இந்தப் பிணத்தோடு இத்தனை கல்மணி போயிருக்கிறது!

இத்தனைக்கும் அது கணக்குத் தெரிந்த ஊர். பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல்லுக்கு ரோமாபுரியில் நல்ல கிராக்கி. அதே பச்சையில், அதே அறுகோண வடிவில் அங்கே கண்ணாடி மணி செய்து போட்டுக்கொண்டவர்களும் உண்டு. பளிங்குக்குச் சாயம் ஏற்றி இந்தியர்கள் போலிக்கல் செய்கிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ரோமானியர் கொடுத்த விலை கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் புதையலாகக் கிடைத்தது: ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள்.

அப்படிப்பட்ட ஊர், விற்கக்கூடிய சரக்கை ஏன் மண்ணில் போட்டது?

மறுமையில் வேண்டியிருக்கும் என்பது வழக்கமான பதில். கல்லறையின் பலகைக்கல்லில் வட்டமாக ஒரு இடுதுளை விட்டிருப்பதைக் காட்டி, ஆவி போய்வரும் வழி என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் போட்டுக்கொள்ள ஒரு சரம் போதுமே. 2,220 மணி யாருடைய தேவைக்கும் அடங்காது. ‘இதை இனி விற்க மாட்டோம், பங்கு பிரிக்கவும் மாட்டோம்’ என்று இருப்பவர்கள் எடுத்த முடிவாகவே அதைப் படிக்கத் தோன்றுகிறது. மறுமை நம்பிக்கை அதற்குத் துணை நின்றிருக்கும். கை வந்தது பாசத்தால், கொஞ்சம் ஊர்ப் பெருமையாலும்தான்.

ரோமானியருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. கி.மு. 450 வாக்கில் எழுந்த பன்னிரண்டு பலகைச் சட்டம், பிணத்தோடு தங்கம் வைக்கக் கூடாது என்றது. பல்லைத் தங்கத்தால் கட்டியிருந்தால் மட்டும் விலக்கு. செத்தவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டாம் என்ற அளவுக்கு இரக்கம். மக்கள் வைக்காமலிருந்தால் சட்டம் எதற்கு?

நம் பக்கம் அந்த வேலையைப் பட்டினத்தார் கதை செய்தது. காதற்ற ஊசியைக் காட்டியே எதுவும் கூட வராது என்று சொல்லிவிட்டது. கொடுமணல்காரர்களோ, துளையுள்ள மணிகளை ஆயிரக்கணக்கில் கூட அனுப்பியவர்கள்.

இன்று சாவு வீட்டில் தோடு, மூக்குத்தி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். நெற்றியில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு ஒட்டுகிறார்கள்.