காணும் கண்ணும் காக்கும் கடமையும்

பறவைக்கு வாய்த்ததையும் இறக்கை என்கிறோம். காற்றாலையில் சுழல்வதையும் இறக்கை என்றே அழைக்கிறோம். ஒரே காற்றை நம்பியுள்ள இவ்விரண்டும் வானில் மோதினால் வீழ்வது எது என்பது வெளிப்படை. அவ்வீழ்ச்சிக்குப் பொறுப்பு யார் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

இராசபாளையத்திலும் திருவில்லிப்புத்தூரிலும் வாழும் நமக்கு இவ்வினா தொலைவானதன்று. மேற்கே, சாம்பல் நிற மலை அணிலுக்கென 1988-இல் சரணாலயமாக்கப்பட்டு, 2021 முதல் புலிகள் காப்பகமாகவும் விளங்கும் மலைக்காடு. தெற்கே, செங்கோட்டைக் கணவாயினூடே வரும் தென்மேற்குப் பருவக்காற்றில் சுழலும் காற்றாலைகள். தமிழகத்து நூற்பாலைகள் பல, தம் மின்தேவைக்குக் காற்றையே நாடியுள்ளன. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-இல் தொடங்கிய முயற்சி, இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. நிலக்கரிப் புகையைக் குறைக்கும் இம்மின்சாரம் நன்மையே. அதை மறுப்பது நேர்மையாகாது.

நற்செயலினின்று நாம் விரும்பாத தீமை விளையுமாயின் அதை எவ்வாறு மதிப்பிடுவது? அறநெறி இறையியல் நெடுங்காலமாக ஓர் அளவுகோலைத் தந்துள்ளது. தீமை நம் நோக்கமாக இருத்தலாகாது. நன்மையை அடையும் வழியாகவும் இருத்தலாகாது. விளையும் நன்மை அத்தீமையைப் பொறுக்கத்தக்க அளவு பெரிதாயிருத்தல் வேண்டும். தவிர்க்கக்கூடிய தீமையைத் தவிர்க்க முயன்றிருத்தலும் வேண்டும். முதல் மூன்றிலும் காற்றாலை தேறிவிடும். நான்காவதில்தான் இன்று நிலைமை மாறியுள்ளது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காற்றாலைகளிடையே கேமராக் கோபுரங்களை நிறுவினர். வானைச் சுற்றிலும் நோக்கும் இக்கேமராக்கள், வருவது கழுகா என இனங்கண்டு, அதன் தொலைவையும் திசையையும் கணித்து, ஆபத்து நெருங்கினால் குறிப்பிட்ட காற்றாலையின் வேகத்தை மட்டும் தணிக்கின்றன. இதனால் கழுகுகளின் இறப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முன்பு, "நாங்கள் காணவில்லை" எனலாம். வெல்ல இயலாத அறியாமை குற்றமாகாது. ஆனால் காணும் வழி கைக்கெட்டிய பின் காணாதிருப்பது அறியாமையன்று, அது தெரிவு.

"ஒரு பறவைக்காக மின்சாரத்தை இழப்பதா?" என வினவுவோர் உண்டு. மின்கட்டமைப்பு ஏற்க இயலாத வேளைகளில் காற்றாலைகளை நிறுத்தி வைத்தது தமிழகத்திலேயே பன்முறை நிகழ்ந்துள்ளது. கம்பிகளுக்காக மணிக்கணக்கில் நிறுத்த முடிந்ததை, ஓர் உயிருக்காகச் சில நிமிடங்கள் நிறுத்த முடியாதா?

எனினும் இக்கருவியிடம் நம் மனச்சான்றை ஒப்படைத்துவிடலாகாது. கேமரா, கற்பித்ததையே காணும். கழுகைக் கற்பித்தோர் இரவில் பறக்கும் வௌவாலைக் கற்பிக்காவிடில், அது வீழ்வதை எவரும் அறியார். மேலும், மகாராட்டிரத்தின் சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, காற்றாலைகள் உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருந்ததையும், அவற்றுக்கு இரையான ஓணான் வகை பெருகியதையும் கண்டது. அங்கே பறவைகள் அடிபட்டு மடிந்தது மட்டும் சிக்கலன்று; அவை அவ்விடத்தைத் தவிர்த்தன. பறவையே வராத வானில் கேமரா எதைக் காக்கும்? ஆகவே எங்கே நடுவது என்ற கேள்வியே முதன்மையானது.

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, காற்றாலைகளுக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. சட்டம் கேளாததை மனச்சான்று கேட்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு படைப்புக்கும், நமக்குப் பயன்படுவதற்கு அப்பாலும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். ஆலை நடத்துவோராய், அங்கு உழைப்போராய், அம்மின்சாரத்தில் விளக்கேற்றுவோராய் நாமனைவரும் அந்த இறக்கைகளின் பயனைப் பெறுகிறோம். பயனில் பங்குபெறும் நாம், பொறுப்பில் மட்டும் விலகி நிற்றல் முறையோ?